ஏஐ சிக்னல் வந்த பிறகும் காலி ரோட்டில் ஏன் நிற்கிறோம்?

நீங்கள் கேட்டிருப்பது இது. உங்கள் ஊரின் ஒரு நாற்சந்தியில் சில மாதங்களுக்கு முன் ‘ஏஐ சிக்னல்’ வைத்தார்கள். கம்பங்களில் புதுக் கேமராக்கள் வந்தன, நொடிகளை எண்ணிக் காட்டிய டைமர் போய்விட்டது. இரவு பத்தரை மணிக்குக் குறுக்குச் சாலையில் ஒரு வண்டிகூட இல்லாதபோதும் சிவப்பில் நிற்கிறீர்கள். மாலை ஆறரைக்கு வரிசை முன்பு எதுவரை நீண்டதோ அதுவரைக்கும் இப்போதும் நீள்கிறது. அப்படியானால் இது உண்மையிலேயே போக்குவரத்தைப் பார்த்து மாறுகிற சிக்னலா, பெயரளவுக்குத்தானா? இது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. இரவு நிற்பது பெரும்பாலும் சென்சாரும் அமைப்பும் சம்பந்தப்பட்ட கோளாறு, அதைச் சரிசெய்ய முடியும். மாலை வரிசை பெரும்பாலும் சாலையின் கொள்ளளவு சம்பந்தப்பட்டது, அதைச் சிக்னல் மட்டும் தீர்க்காது. உங்கள் சந்திப்பைப் பார்க்காமல் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு செல்போனும் ஒன்றிரண்டு மணி நேரமும் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். அந்த வழியைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் பார்ப்பதற்குப் பொருள் புரியும்.

இப்படிப்பட்ட சிக்னலில் மூன்று தனி வேலைகள் நடக்கின்றன. கண் வண்டிகளைப் பார்க்கிறது. கணக்கு யாருக்கு எத்தனை நொடி என்று முடிவு செய்கிறது. கை விளக்கை மாற்றுகிறது. கை என்பது சாலையோரப் பெட்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர். அதற்குள் சில விதிகள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும்: ஒவ்வொரு பக்கத்துக்கும் குறைந்தபட்சப் பச்சை, அதிகபட்சப் பச்சை, சுமார் 3 நொடி மஞ்சள், எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இரண்டு நொடி. மோதக்கூடிய இரண்டு பக்கங்களுக்கு ஒரே நேரத்தில் பச்சை விழாமல் காக்க ஒரு தனிக் கண்காணிப்பு அட்டையும் அதில் உண்டு. ஏஐ இந்தப் பூட்டுக்குள் கை வைக்கக் கூடாது. ‘இந்தப் பக்கத்துக்கு இன்னும் 8 நொடி கொடு’ என்று அது கேட்கலாம், கொடுக்கலாமா என்று கன்ட்ரோலர்தான் தீர்மானிக்கும். இது குறைபாடு இல்லை, உயிர் காக்கும் ஏற்பாடு. கற்றுக்கொண்டு மாறுகிற ஒரு நிரலிடம் நேரடியாக விளக்குகளைக் கொடுக்கும் எந்த வடிவமைப்பையும் ஏற்கக் கூடாது.

போக்குவரத்தைப் பார்த்து மாறும் சிக்னல் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. சிட்னியில் உருவான ஸ்காட்ஸ், பிரிட்டனில் உருவான ஸ்கூட் இரண்டும் 1970களில் பிறந்தவை, இன்றும் உலகின் பல நகரங்களில் ஓடுகின்றன. பெங்களூரில் ஓடும் காஸிகாஸ்ட் என்ற முறை நம் நாட்டுக் கலப்புப் போக்குவரத்துக்காகவே மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. இவற்றின் பழைய கண் தார்ச்சாலையில் பள்ளம் கீறிப் புதைத்த கம்பிச் சுருள். சுமார் 1.8 மீட்டர் சதுரம், இரண்டு மூன்று சுற்றுக் கம்பி, அதில் ஓடும் அதிர்மின்னோட்டம். மேலே உலோகம் வந்தால் சுருளின் தூண்டல் குறைந்து அதிர்வெண் ஏறும், வண்டி வந்ததாகக் கணக்கு. சிட்னி முறை சுருளை நிறுத்தக் கோட்டருகே வைத்துப் பச்சை எவ்வளவு வீணாகிறது என்று பார்க்கும். பிரிட்டன் முறை சுருளைப் பின்னால் தள்ளி வைத்து, வரப்போகும் கூட்டத்தை முன்கூட்டியே கணிக்கும். நம் ஊர்களில் கம்பிச் சுருள் நிலைக்காததற்குக் காரணங்கள் எளிமையானவை. அது ஒரு தடத்தில் ஒரு வண்டி என்று எதிர்பார்க்கிறது, நம் வண்டிகள் தடத்தில் நிற்பதில்லை. இரண்டு சுருள்களுக்கு நடுவே நிற்கும் பைக்கை அது தவறவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாலையைச் சுரண்டி மறுபடி தார் போடும்போதோ குடிநீர்க் குழாய்க்குத் தோண்டும்போதோ கம்பி அறுந்துபோகும். அதைத் திரும்பப் போட யாரும் வருவதில்லை.

அதனால்தான் இப்போது கேமரா. கம்பத்தில் கேமரா, பெட்டிக்குள் ஒரு சிறு கணினி, அதில் வண்டிகளை அடையாளம் காணப் பழக்கிய நரம்பு வலை ‘மாதிரி’, அதாவது ஏராளமான படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட நிரல். ஒவ்வொரு காட்சியிலும் பைக், கார், ஆட்டோ, பஸ், லாரி என்று பெட்டி போட்டு எண்ணும். ஏஐ என்ற சொல்லுக்கு இந்த அமைப்பில் மிக உறுதியான பொருள் இருப்பது இங்கேதான். பிழைகள் அதிகம் வருவதும் இங்கேதான். முதல் பிழை வெறும் வடிவியல். கேமரா 8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கம்பத்திலிருந்து 40 மீட்டர் தூரத்தில் 3 மீட்டர் உயரப் பஸ் நிற்கிறது என்று வையுங்கள். பஸ்ஸின் கூரை விளிம்பைத் தொட்டு வரும் பார்வைக்கோடு தரையைத் தொடுவது 64 மீட்டரில். அதாவது பஸ்ஸுக்குப் பின்னால் 24 மீட்டர் நீளத்துக்குத் தரை கேமராவுக்குத் தெரியாது. அந்த 24 மீட்டரில் இருபது பைக்குகள் இருக்கலாம், எண்ணிக்கையில் அவை இல்லை. கேமராவை 12 மீட்டருக்கு உயர்த்தினால் மறைவு சுமார் 13 மீட்டராகக் குறையும். மென்பொருளை மாற்றுவதைவிடக் கம்பத்தை உயர்த்துவது பலன் தருகிற இடங்கள் நிறைய. ஒப்பந்தத்தில் மாதிரியின் துல்லியத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறவர்கள் கம்பத்தின் உயரத்தைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டும்.

இரண்டாவது பிழை பயிற்சியில் இருக்கிறது. பொருள்களை அடையாளம் காணப் பரவலாகப் பயன்படும் கோகோ என்ற படத்தொகுப்பில் 80 வகைகள் உண்டு. கார், பைக், பஸ், லாரி எல்லாம் இருக்கும், ஆட்டோ ரிக்‌ஷா இல்லை. அதில் பழகிய மாதிரியை அப்படியே கொண்டுவந்து மாட்டினால் ஆட்டோவைக் காராகவோ லாரியாகவோ எண்ணும், சில நேரம் விட்டுவிடும். ஹைதராபாத் ஐஐஐடி 2018-ல் வெளியிட்ட இந்தியச் சாலைப் படத்தொகுப்பில் ஆட்டோவுக்குத் தனி வகை இருக்கிறது, அது பெரிய உதவி. ஆனால் அந்தப் படங்கள் காரின் முன்பக்கத்திலிருந்து எடுத்தவை. கம்பத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது ஆட்டோ என்பது ஒரு மஞ்சள் கூரை மட்டுமே. ஆகவே உள்ளூர்க் கேமராவிலிருந்தே படங்கள் எடுத்து, ஆட்கள் அடையாளமிட்டு, மாதிரியை மறுபடி பழக்க வேண்டும். ஷேர் ஆட்டோ, வைக்கோல் ஏற்றிய டிராக்டர், கரும்பு லாரி, தண்ணீர் வண்டி என்று உங்கள் சாலையில் ஓடுவதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்த வேலையைச் செய்தார்களா என்பதைச் சோதிக்கக் கடினமான முறை எதுவும் தேவையில்லை. மாலை நெரிசல், நடுப்பகல், மழை இரவு என மூன்று வேளைகளில் 15 நிமிடம் ஆள் வைத்து வகைவாரியாக எண்ணி, இயந்திரத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் போதும். மொத்த எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடக் கூடாது. பைக்கில் விட்டதும் காரில் கூடுதலாக எண்ணியதும் ஒன்றையொன்று ஈடுகட்டி, மொத்தம் சரியாகத் தெரியும்.

மழை இரவைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈரத் தாரில் முகப்பு விளக்கின் பிம்பம் நீளமாக விழும், அதையும் வண்டியாக எண்ணும் மாதிரிகள் உண்டு. கண்ணாடியில் ஒரு துளி நின்றால் பாதிக் காட்சி மங்கும். வெயில் காலத்தில் தூசி. லென்ஸை மாதம் ஒருமுறையாவது துடைக்காத கேமரா சில மாதங்களில் பாதிக் கண்ணோடுதான் வேலை செய்யும். ரேடார் சென்சாருக்கு மழையும் இருட்டும் பெரிய பொருட்டல்ல, தூரத்தில் வரும் வண்டியின் வேகத்தையும் நன்றாகச் சொல்லும். ஆனால் அசையாமல் நெருக்கி நிற்கும் பைக் கூட்டத்தைப் பிரித்து எண்ணுவதில் அது கேமராவுக்குப் பின்னால்தான். முடிந்தால் இரண்டும் சேர்ந்து இருப்பதே நல்லது.

இப்போது இரவு பத்தரை மணிக்கு வருவோம். காலிச் சாலைக்குப் பச்சை எரிவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எளிதில் கண்டுபிடிக்கக்கூடியதை முதலில் சொல்கிறேன். குறுக்குச் சாலையில் நிறுத்தக் கோட்டை ஒட்டி யாராவது ஆட்டோவோ தள்ளுவண்டியோ நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். கேமராவில் வரைந்து வைத்த கண்டறியும் கட்டத்துக்குள் அது நின்றால், ‘இங்கே ஒரு வண்டி காத்திருக்கிறது’ என்று ஒவ்வொரு சுற்றிலும் பச்சை கேட்டுக்கொண்டே இருக்கும். அசையாத பொருளைச் சில சுற்றுகளுக்குப் பின் கணக்கிலிருந்து நீக்கும் வசதி நல்ல மென்பொருளில் உண்டு, அதை இயக்கி வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது, கண்ணே இல்லாமல் போவது. கேமரா பழுதானாலோ, இரவு வெளிச்சம் போதாமல் மாதிரி நம்பிக்கை இழந்தாலோ, பாதுகாப்பான வழி என்ன? ‘வண்டி இல்லை’ என்று எடுத்துக்கொண்டால் உண்மையில் காத்திருப்பவருக்குப் பச்சையே கிடைக்காது. ஆகவே கன்ட்ரோலர் ‘எப்போதும் வண்டி இருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு, முன்பே எழுதி வைத்த நேரப்படி ஓடும். சரியான முடிவுதான். ஆனால் அது தற்காலிகமாக இருக்க வேண்டும். பழுதுச் செய்தி கட்டுப்பாட்டு அறைக்குப் போய், யாராவது வந்து சரிசெய்கிற ஏற்பாடு இல்லையென்றால், அந்தச் சந்திப்பு பழைய சிக்னலாகவே மாறிவிடும், கம்பத்தில் கேமரா மட்டும் இருக்கும். இத்தகைய திட்டங்கள் தோற்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத இடத்தில் நல்ல மென்பொருளும் வீண்.

மூன்றாவது காரணம் நடப்பவர்கள். 21 மீட்டர் அகலச் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 17.5 நொடி வேண்டும். முதியவருக்கு நொடிக்கு 0.9 மீட்டர் என்று வைத்தால் 23 நொடிக்கு மேல். அடியெடுத்து வைக்கும் முன் சில நொடி தயக்கமும் உண்டு. கடப்பவர் இருக்கிறாரா என்று அறியும் பொத்தானோ சென்சாரோ இல்லையென்றால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். இந்த நேரத்தை ‘வீண்’ என்று வெட்டிவிட்டு வண்டிகளுக்குக் கொடுத்து, காத்திருப்பு குறைந்தது என்று காட்டுவது எளிது, ஆபத்தானதும்கூட. சாலையை நடந்து கடக்கிற பாட்டி எந்தக் கேமராவின் வரிசை நீளத்திலும் இல்லை. அவருக்கான நொடிகளை யாராவது முன்கூட்டியே பூட்டி வைத்தால்தான் இருக்கும். நான்காவது காரணம், உங்கள் சந்திப்பு பக்கத்துச் சந்திப்போடு கோர்க்கப்பட்டிருப்பது. அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு சிக்னல்களுக்கு நடுவே மணிக்கு 36 கிலோமீட்டரில் வந்தால் 50 நொடி. இரண்டாவது பச்சை முதலாவதற்கு 50 நொடி கழித்து விழுந்தால் கூட்டம் நிற்காமல் போகும். இதற்கு இரண்டும் ஒரே சுற்று நேரத்தில் ஓட வேண்டும். நீங்கள் காலியாகப் பார்க்கிற பச்சை, வந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்காகத் திறந்து வைத்ததாக இருக்கலாம். பகலில் இது நியாயம். இரவு பத்தரைக்குக் கோர்வையை அவிழ்த்துவிட்டு ஒவ்வொரு சந்திப்பையும் தன்னிச்சையாக ஓட விடுவதே முறை. அட்டவணையில் அதை எழுத மறந்திருக்கலாம். பகலிலும் கோர்வை கெடக் கடிகாரம் ஐந்தாறு நொடி பிசகினால் போதும், அதனால் பெட்டிகள் ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்துப் போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

டைமர் ஏன் போனது என்பதற்கு விடை நேரானது. அடுத்த நொடியில் நீட்டலாமா முடிக்கலாமா என்று யோசிக்கும் சிக்னலுக்கு 45, 44, 43 என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொன்னால் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு மாற முடியாமல் போகும். சில இடங்களில் முடிவு உறுதியான பின் கடைசிச் சில நொடிகளை மட்டும் காட்டுவார்கள். ஆகவே டைமர் இல்லாதது ஏமாற்று என்பதற்கு அடையாளம் அல்ல. மாறாக, ஒரு நீளமான டைமர் எல்லாச் சுற்றிலும் ஒரே எண்ணில் தொடங்கினால் அங்கே எதுவும் மாறுவதில்லை என்று பொருள்.

மாலை வரிசைக்குக் கணக்கு தேவை. பயமில்லை, சிறியதுதான். 1958-ல் பிரிட்டனின் சாலை ஆய்வாளர் வெப்ஸ்டர் கொடுத்த சூத்திரம் இன்றும் சிக்னல் வடிவமைப்பின் அரிச்சுவடி. எல்லாப் பக்கமும் ஒருமுறை பச்சை பெற்று முடிவது ஒரு சுற்று. அதில் விளக்கு மாறும்போது யாருக்கும் பயன்படாமல் வீணாகும் நொடிகளை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்டுங்கள். ஒன்றிலிருந்து சந்திப்பின் மொத்தச் சுமை விகிதத்தைக் கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் உகந்த சுற்று நேரம். சுமை விகிதம் என்பது ஒவ்வொரு பக்கமும் வருகிற வண்டிகளை, அந்தப் பக்கம் மணி முழுக்கப் பச்சையாக இருந்தால் எத்தனை போகுமோ அதனால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டியது. இந்தியக் கணக்கில் நீண்டகாலமாகப் பயன்படும் தோராயம், சாலையின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும், முழுக்கப் பச்சையாக இருக்கும் ஒரு மணி நேரத்தில் 525 கார் அலகு. ஒரு காரை ஒன்று என்று வைத்து மற்ற வண்டிகளை அளப்பதே கார் அலகு. பைக்கை அரை அலகு என்று எடுப்பது வழக்கம்.

நான்கு பக்கமும் தனித்தனியாகப் பச்சை விழும் சந்திப்பு, பக்கத்துக்கு 4 நொடி வீதம் 16 நொடி வீண் என்று எடுப்போம். சுமை இரண்டு பக்கம் 0.20, இரண்டு பக்கம் 0.15, மொத்தம் 0.70. சூத்திரப்படி 29-ஐ 0.30-ஆல் வகுக்க 97 நொடி. தாங்கக்கூடிய சுற்று. இப்போது 0.20 சுமையுள்ள ஒரு பக்கத்தின் அகலம் 9 மீட்டர், கொள்ளளவு 4725 அலகு, வருவது 945 அலகு. அங்கே நிறுத்தக் கோட்டை ஒட்டி ஷேர் ஆட்டோக்கள் ஆள் ஏற்றி 2.5 மீட்டரை அடைத்துக்கொண்டால் மிச்சம் 6.5 மீட்டர், கொள்ளளவு சுமார் 3412. சுமை 0.20-இலிருந்து 0.277 ஆகிறது, மொத்தம் 0.777, சுற்று 130 நொடி. எதிர்ப்பக்கமும் இப்படியே ஆனால் மொத்தம் 0.85-ஐத் தாண்டும், சுற்று 200 நொடியை நெருங்கும். ஒரு வண்டிகூடக் கூடவில்லை. மொத்தம் ஒன்றை நெருங்க நெருங்க விடை எல்லையில்லாமல் ஏறும். ஒன்றைத் தாண்டினால், வருவது போவதைவிட அதிகம், வரிசை வளரும். எந்த ஏஐயும் ஒரு மணி நேரத்தில் 3600 நொடிக்கு மேல் பங்கிட முடியாது. என் கணிப்பில், சுமை 0.5-இலிருந்து 0.85 வரை இருக்கும் வேளைகளில்தான், அதிலும் பக்கங்களுக்கிடையே கூட்டம் மாறி மாறி வரும்போதுதான் இந்தச் சிக்னல்கள் நன்றாகப் பலன் தரும். மாலை உச்சியில் அவை செய்யக்கூடிய நல்ல காரியம் வேறு. வரிசை பின்னால் இருக்கும் சந்திப்பை அடைக்காமல் பார்த்துக்கொள்வது, எந்தச் சாலையில் நிற்க இடம் இருக்கிறதோ அங்கே நிற்க வைப்பது. உங்கள் பக்கம் நிறுத்தி வைக்கப்படும் பக்கமாக இருந்தால், ஊருக்கு நன்மை நடந்தும் உங்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. வெப்ஸ்டர் தடம் மாறாத கார்களை நினைத்து எழுதினார். நம் சாலையில் பைக்குகள் சந்து வழியே முன்னால் வந்து கோட்டருகே குவியும், பச்சை விழுந்த முதல் சில நொடிகளில் கொட்டுவது போலக் கிளம்பும், பிறகு வேகம் குறையும். ஆகவே மீட்டருக்கு 525 என்பது சராசரிதான். பஸ் எத்தனை கார் அலகு, பைக் எத்தனை என்பதும் கலவையைப் பொறுத்து மாறும். 2017-ல் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்த இந்தியக் கொள்ளளவுக் கையேடு இதை ஓரளவு திருத்துகிறது. திசை மாறாது, இலக்கம் மாறலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதையொட்டி இன்னொன்று: சில சந்திப்புகளுக்குச் சிக்னலே தேவைப்படாது. கோவை லாலி ரோடு சந்திப்பில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா அமைத்தது இந்த வழியில் ஒரு முயற்சி. ஒரு சுற்றில் வீணாகும் 16 நொடி அங்கே இல்லை. ஆனால் நடந்து கடப்பவருக்கு அங்கே வண்டிகள் நிற்கும் நேரம் என்று ஒன்றும் இல்லை, அவருக்குத் தனி ஏற்பாடு செய்தாக வேண்டும்.

பஸ்களைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் வண்டியிலிருந்தே சிக்னலுக்குத் தகவல் அனுப்பும் கருவிகளால் அதிகப் பலன் கிடைக்கக்கூடிய இடம் அதுதான் என்பதால் சொல்கிறேன். அறுபது பேர் இருக்கும் ஒரு பஸ்ஸுக்குப் பச்சையை 8 நொடி நீட்டுவது, ஆள் கணக்கில் பார்த்தால் மிக மலிவான முடிவு. பல நகரங்களில் பஸ்களில் ஜிபிஎஸ் கருவி ஏற்கெனவே இருக்கிறது. சென்னையில் பஸ் வரும் நேரத்தைச் செயலியில் பார்ப்பதே அதனால்தான். சிக்கல் நேர இடைவெளியில். கருவி 10 நொடிக்கு ஒருமுறை இருப்பிடம் அனுப்பினால், மணிக்கு 25 கிலோமீட்டரில் வரும் பஸ் அதற்குள் 70 மீட்டர் நகர்ந்திருக்கும். பயணிக்கு அது பொருட்டில்லை. சிக்னலுக்கு 70 மீட்டர் என்பது நீட்டலாமா வேண்டாமா என்ற முடிவையே மாற்றிவிடும். சந்திப்பை நெருங்கும்போது நொடிக்கு ஒருமுறை அனுப்பும்படி மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், பஸ் நிறுத்தம் சிக்னலுக்கு முன்னால் இருந்தால் நீட்டிய பச்சை ஆள் ஏறி இறங்குவதிலேயே தீர்ந்துவிடும். நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டி வைத்தால் கணிப்பு எளிது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவதும் இதே நுட்பம்தான். ஆனால் அது சுற்றை உடைப்பதால், பழைய ஒழுங்குக்குத் திரும்ப இரண்டு மூன்று சுற்றுகள் ஆகலாம். அந்தச் சில நிமிடக் குழப்பத்தை முழு மனதோடு ஏற்க வேண்டும்.

பலன் உண்மையில் எவ்வளவு என்று கேட்டால், இங்கேதான் உறுதியையும் ஐயத்தையும் பிரிக்க வேண்டும். பிட்ஸ்பர்க் நகரின் ஈஸ்ட் லிபர்ட்டி பகுதியில் 2012-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஒன்பது சந்திப்புகளில் சர்ட்ராக் என்ற முறையைச் சோதித்தார்கள். பயண நேரம் சுமார் 25 விழுக்காடு, காத்திருப்பு சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக அறிவித்தார்கள். அங்கே ஒவ்வொரு சந்திப்பும் தன் திட்டத்தைத் தானே போட்டு, அடுத்த சந்திப்புக்கு ‘இத்தனை வண்டி அனுப்புகிறேன்’ என்று சொல்லும். நல்ல வடிவமைப்பு. ஆனால் இப்படி எந்த ஒப்பீட்டிலும் எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். பல ஆண்டு திருத்தாத பழைய நேர அட்டவணையோடு ஒப்பிட்டால், அந்த அட்டவணையை ஒரு பொறியாளர் கையால் திருத்தியிருந்தாலே ஒரு பகுதி பலன் வந்திருக்கும். கூகுளின் கிரீன் லைட் திட்டம் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. புதுச் சென்சார் எதுவும் இல்லாமல், வரைபடச் செயலியில் வரும் ஓட்ட விவரங்களை வைத்து நேரத்தைத் திருத்தப் பரிந்துரை தருகிறது, மாற்றுவது அந்த ஊர்ப் பொறியாளர்கள். கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் நகரங்கள் அதில் சேர்ந்தன. நிறுத்தங்கள் 30 விழுக்காடு வரை குறைய வாய்ப்பு என்று நிறுவனமே சொல்கிறது. ‘வரை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும், அது உச்ச அளவு, சராசரி அல்ல. தானே முயன்று தவறிக் கற்கும் வலுவூட்டல் கற்றல் முறைகள் குறித்த ஆய்வுக்கட்டுரைகள் ஏராளம். பெரும்பாலும் அவை சூமோ போன்ற கணினிப் போலிச்சாலைகளில் எடுத்த விடைகள். அங்கே கேமராவில் தூசி படிவதில்லை, ஷேர் ஆட்டோ நடுவில் நிற்பதில்லை. உண்மைச் சாலையில் நீண்டகாலம் ஓடிய சான்று சேரும்வரை அவற்றை நம்பிக்கையூட்டும் ஆராய்ச்சி என்றே கொள்வேன். வழி சீரானால் புதிதாக வண்டிகள் வந்து சேர்ந்து பலனைத் தின்றுவிடுமா என்பதும் ஊருக்கு ஊர் வேறுபடும்.

இனி நீங்கள் செய்யக்கூடிய சோதனை. சாலையோரத்தில் பாதுகாப்பான இடத்தில் நின்று, உங்கள் பக்கத்துக்கும் குறுக்குப் பக்கத்துக்கும் பச்சை தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் தொடர்ந்து பத்துச் சுற்றுக்குக் குறியுங்கள். ஒவ்வொரு பச்சையிலும் கூடுதலாக இரண்டு விஷயம்: நின்ற வரிசையின் கடைசி வண்டி கோட்டைத் தாண்டிய பிறகு எத்தனை நொடி பச்சை சும்மா எரிந்தது, அல்லது பச்சை முடிந்தபோது வரிசையில் எத்தனை வண்டி மிஞ்சியது. இதை மாலை ஆறரைக்கு ஒருமுறை, பிற்பகல் இரண்டரைக்கு ஒருமுறை, இரவு பத்தரைக்கு ஒருமுறை செய்யுங்கள். பிற்பகல் கணக்கே முக்கியம். அப்போது பத்துச் சுற்றிலும் பச்சை ஒன்றிரண்டு நொடிக்கு மேல் மாறவில்லை என்றால், சிக்னல் நிலையான நேரத்தில்தான் ஓடுகிறது. மாலையில் மட்டும் மாறாமல் இருந்தால் உடனே முடிவு கட்ட வேண்டாம். எல்லாப் பக்கமும் தங்கள் அதிகபட்ச எல்லையை முட்டி நிற்பதாலும் ஒரே எண் வரும். மாலையில் நான்கு பக்கமும் வண்டிகள் மிஞ்சினால் கொள்ளளவுப் பிரச்சினை. ஒரு பக்கம் மிஞ்சி, இன்னொரு பக்கம் பச்சை சும்மா எரிந்தால் பங்கீடு தவறு, அது கேமராவிலோ அமைப்பிலோ திருத்தக்கூடியது.

அந்தக் குறிப்போடு மாநகராட்சிக்கோ போக்குவரத்துக் காவலுக்கோ எழுதும்போது, தகவல் உரிமைச் சட்டப்படி நான்கு விஷயம் கேளுங்கள். கடந்த மூன்று மாதத்தில் இந்தச் சந்திப்பு எத்தனை மணி நேரம் தானே மாறும் நிலையில் ஓடியது, எத்தனை மணி நேரம் நிலையான அட்டவணையில் ஓடியது? ஒவ்வொரு கேமராவும் எத்தனை நாள் பழுதாக இருந்தது? ஆள் வைத்து எண்ணிச் சரிபார்த்த அறிக்கை உண்டா, வகைவாரியாக? நடப்பவருக்கான குறைந்தபட்ச நேரம் எத்தனை நொடி, எந்த அகலத்துக்கு? முன்னும் பின்னும் ஒப்பிட்ட அளவீடு இருந்தால் அதில் பள்ளி விடுமுறை வாரங்கள் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளிகள் மூடிய மே மாதத்தோடு ஒப்பிட்டால் எந்தச் சிக்னலும் சாதனை செய்ததாகத் தெரியும். வண்டி எண்ணைப் படித்துச் சேமிக்கிறார்களா என்பதையும் கேட்கலாம். எண்ணிக்கைக்கு எண் பலகை தேவையே இல்லை, பெட்டிக்குள்ளேயே எண்ணிவிட்டு எண்ணிக்கையை மட்டும் அனுப்ப முடியும். மூன்று வேளைக் குறிப்பையும் இங்கே பதிந்தால், எந்தப் பக்கத்தில் எத்தனை நொடி வீணாகிறது என்பதைக் கணக்கிட்டுத் தருகிறேன். குறுக்குச் சாலையின் அகலத்தையும், நிறுத்தக் கோட்டிலிருந்து பஸ் நிறுத்தம் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.